சாமான் கழுவுகிறவரும் அறுவைக் குழுதான்

தீபாவளி முடிந்து பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலைக் கதவு மறுபடி திறக்கும் வரைக்கும் சிவகாசியில் ஆபரேஷன் சீசன். வருஷம் முழுக்க "பட்டாசு சீசன் முடியட்டும் சிஸ்டர்" என்று பித்தப்பைக் கல்லோடு வலி மாத்திரையில் காலம் தள்ளிய அக்காமார், அச்சாபீஸில் பண்டல் தூக்கியே குடலிறக்கம் வாங்கிக்கொண்ட அண்ணன்மார், கர்ப்பப்பைக் கட்டியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் என்று எல்லாரும் அந்தச் சில வாரத்தில்தான் வந்து படுப்பார்கள். லீவு முடிவதற்குள் எழுந்து நடக்க வேண்டும். அதனால் எல்லாருக்கும் வேண்டியது 'கேமரா ஆபரேஷன்'. பத்திரிகைகளில் நுண்துளை அறுவை சிகிச்சை என்று எழுதுவது இதைத்தான். எங்களுக்கு அது லேப்ரோ.

நான் இந்த ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் சிஸ்டர். சீசனில் லிஸ்ட் நீளும், ஆனால் லேப்ரோ சாமான் செட் அதிகமாகாது. காலையில் முதல் கேஸுக்குப் போன கருவிதான் கழுவி, மருந்தில் ஊறி, மதியம் இன்னொருவர் வயிற்றுக்குள் போக வேண்டும். அந்த இடைவேளையில் நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

"ரத்தமே வராதாமே சிஸ்டர்?" என்று நோயாளியின் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சரிதான். காயம் சின்னது, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு போகலாம். 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்தபோது அது பெருநகர விஷயம். கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு போன்றவர்கள் அதைத் தமிழ்நாட்டில் வளர்த்தார்கள். பிறகு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்து, எங்களைப் போன்ற ஊர்களுக்கும் அது இறங்கியது. நல்ல காரியம். ஆனால் நோயாளிக்கு ஆபத்து குறைந்ததைப் பார்த்துவிட்டு, மேஜையைச் சுற்றி நிற்கிறவர்களுக்கும் குறைந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். எங்கள் ஆட்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆபத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வாயு. தொப்புள் அருகே துளை போட்டு, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஏற்றி, வயிற்றை உப்ப வைப்பார்கள். அப்போதுதான் உள்ளே இடம் கிடைக்கும், கேமராவில் தெரியும். உள்ளே காட்டரி என்ற மின்கருவியால் சதையைச் சுட்டு அறுக்கும்போது புகை வரும். வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷனில் அந்தப் புகை அப்போதைக்கு அப்போது கலைந்துவிடும். லேப்ரோவில் அது வயிற்றுக்குள்ளேயே சேர்ந்து கெட்டியாகிறது. மானிட்டர் மங்கலாகும். டாக்டர் "கொஞ்சம் விடும்மா" என்பார். உதவிக்கு நிற்கிறவர், துளையில் செருகியிருக்கும் போர்ட் என்ற குழலின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகைத் திறப்பார். புஸ்ஸென்று ஒரு பீச்சல். அது யார் முகத்துக்கு நேரே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கேமராவைப் பிடித்திருக்கிற பிள்ளைக்கோ, கருவி எடுத்துக் கொடுக்கிற சிஸ்டருக்கோதான்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? தென்கொரியாவில் ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலைத் தொற்று உள்ள 11 நோயாளிகளுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தபோது வெளியேறிய புகையைப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 10 பேருடைய புகையில் அந்த வைரஸின் மரபணு இருந்தது. 2016-இல் வந்த ஆய்வு இது. அதற்கும் முன்பு, 1991-இல், நார்வேயில் ஓர் அறுவை நிபுணரின் குரல்வளையில் மருக்கள் வந்ததைப் பற்றி எழுதினார்கள். அவர் நோயாளிகளின் பிறப்புறுப்பு மருக்களை லேசரால் சுட்டு நீக்கி வந்தவர். அதே வகை வைரஸ் அவர் தொண்டையில் கிடைத்தது. அது லேப்ராஸ்கோப்பி அல்ல, லேசர். இருந்தாலும் புகை வழியாகத் தொற்று போகலாம் என்பதற்கு இன்றுவரை அதைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

இங்கே பயம் காட்டுவது என் வேலை இல்லை. லேப்ராஸ்கோப்பிப் புகையை மூச்சில் இழுத்து ஒருவருக்கு ஹெபடைடிஸோ எச்.ஐ.வி.யோ வந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. புகையில் வைரஸின் துண்டு இருப்பது வேறு, அது உயிரோடு இருந்து இன்னொருவர் உடம்பில் வேர் விடுவது வேறு. ஆனால் காட்டரிப் புகையின் துகள் சராசரியாக 0.07 மைக்ரான். நாங்கள் கட்டியிருக்கும் மூன்றடுக்கு மாஸ்க், எங்கள் எச்சில் நோயாளி மேல் படாமல் இருக்கத்தானே தவிர, அத்தனை சின்னத் துகளைத் தடுக்க இல்லை. சின்ன ஊர்த் தியேட்டரில் ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. தரச் சான்று வழிகாட்டிகள் மணிக்கு 20 முறையாவது காற்று மாற வேண்டும் என்கின்றன. புகையை உறிஞ்ச வைத்திருக்கும் சக்‌ஷன் மெஷினோ அறைக்குள்ளேயே நிற்கிறது. ஜாடியில் இழுத்ததை, பின்னால் இருக்கும் ஓட்டை வழியாக அதே அறைக்குள் விடுகிறது. நடுவில் ஒரு சின்ன வட்ட ஃபில்ட்டர் உண்டு. அதை மாற்றி எவ்வளவு காலமாகிறது என்று உங்கள் ஊர்த் தியேட்டரில் கேட்டுப் பாருங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கொரோனா வந்தபோது உலகம் முழுக்க ஒருமுறை இதைப் பற்றி யோசித்தார்கள். 2020 மார்ச்சில் பிரிட்டனின் ராயல் காலேஜ்கள் லேப்ராஸ்கோப்பியைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்லின. அமெரிக்க நுண்துளை அறுவை நிபுணர்களின் சங்கம், தவிர்க்க வேண்டாம், வாயுவை ஃபில்ட்டர் வழியாக வெளியேற்றுங்கள் என்றது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. திறந்த வயிற்றின் புகையைப் பிடிப்பது கஷ்டம். லேப்ரோவில் புகை ஏற்கெனவே ஓரிடத்தில் அடைபட்டிருக்கிறது. வாசலில் ஃபில்ட்டர் வைத்தால் போதும். பல ஊர்களில் செய்தும் காட்டினார்கள். மயக்க மருந்துக் குழாயில் மாட்டுகிற வைரஸ் ஃபில்ட்டரை ஒரு ட்யூப் வழியாக போர்ட்டில் இணைத்தார்கள். இன்னும் சிலர் ட்யூபின் நுனியை 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் பாட்டிலுக்குள் முக்கிவைத்தார்கள். பெரிய செலவே இல்லை. கடைசியில் போர்ட்டை உருவுவதற்கு முன் உள்ளே இருக்கும் வாயுவை முழுக்க சக்‌ஷனில் எடுத்துவிட்டுத்தான் உருவ வேண்டும் என்பதும் அப்போது பழக்கமானது.

கொரோனா போனது. அந்த ட்யூபும் பாட்டிலும் அதோடு போய்விட்டன. ஹெபடைடிஸ் மட்டும் எங்கும் போகவில்லை.

அடுத்தது ஊசி. புகையைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் இதில் நிரூபணத்துக்குப் பஞ்சமில்லை. தடுப்பூசி போடாத ஒருவரை, தீவிர ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால், தொற்றுவதற்கு நூற்றில் 30 வரை வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றில் சுமார் இரண்டு. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்தில் மூன்று. ஜனங்கள் பயப்படுகிற வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

லேப்ரோவில் எங்கே ஊசி என்று கேட்பீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில். பித்தப்பை பைக்குள் வந்தாயிற்று, மானிட்டர் அணைந்தாயிற்று, டாக்டர் கையுறையைக் கழற்றி வெளியே உறவினரிடம் கல்லைக் காட்டப் போயாயிற்று. ஜூனியர் துளைகளைத் தைக்கிறார். மயக்க மருந்து டாக்டர் நோயாளியை எழுப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த கேஸை உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். சின்னத் துளை, வளைந்த ஊசி, ஆழம் தெரியாது. சதை நழுவாமல் இருக்க ஜூனியர் இடது விரலைத் துளை ஓரத்தில் வைப்பார். ஊசியை நேரே கையில் வாங்குவோம், கிட்னி ட்ரேயில் வைத்து எடுத்துக்கொள்வதில்லை. 'முடிந்தது' என்று எல்லார் மனமும் தளர்ந்த நேரம். எனக்குத் தெரிந்த ஊசிக் குத்துகள் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தவைதான்.

குத்தினால் என்ன செய்ய வேண்டும்? சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். நடப்பது என்ன? நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், குத்தியதைச் சொன்ன பிள்ளையிடம் முதலில் கேட்ட கேள்வி, "பார்த்து வேலை செய்ய மாட்டியா?" இரண்டாவது, "டெஸ்டுக்கு யார் காசு கொடுக்கிறது?" அடுத்த முறை அந்தப் பிள்ளை சொல்லுமா? விரலை அமுக்கிவிட்டு, இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, அடுத்த கேஸுக்கு நிற்கும். ஊசிக் குத்துப் பதிவேட்டில் ஒன்றுமே இல்லாத மருத்துவமனையை நான் நல்ல மருத்துவமனை என்று நம்புவதில்லை. அங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது சிங்க்குக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

தியேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே சாமான் கழுவுகிற அக்கா ஒருவர். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். சம்பளப் பட்டியலில் 'ஹவுஸ்கீப்பிங்'. திறந்த ஆபரேஷனின் கத்தரியும் ஃபோர்செப்ஸும் பளபளவென்று இருக்கும், கண்ணுக்குத் தெரிவதைத் தேய்த்தால் போதும். லேப்ரோ கருவி அப்படி இல்லை. ஓரடிக்கு மேல் நீளம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன், உள்ளே குழல். நுனியில் அரிசி அளவு தாடை, அதன் கீலில் ரத்தமும் கொழுப்பும் கருகிய சதையும் அடைத்திருக்கும். பிரித்துப் பிரஷ் விட வேண்டும். பிரஷ் தேய்ந்துபோயிருந்தால், அக்கா ஒரு சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி, குழலின் ஒரு முனையில் வைத்து வேகமாக அழுத்துவார். மறுமுனையில் அத்தனையும் பீச்சியடிக்கும். சுவரில், முந்தானையில், சில நேரம் கண்ணில். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இடத்திலும் ஏழு நாள் வரை தொற்றும் சக்தியோடு இருக்கும். அக்கா போட்டிருப்பது பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை, அதிலும் ஒரு விரலில் ஓட்டை. கண்ணாடி கிடையாது.

கழுவியதை சைடெக்ஸ் ட்ரேயில் போடுவார்கள். 2 சதவீத குளூட்டரால்டிஹைடு. இருபது நிமிடம் ஊறினால் பெரும்பாலான கிருமி போகும். ஸ்போர் வரைக்கும் சாக வேண்டுமானால் பத்து மணி நேரம். சீசனில் இருபது நிமிடமே பதினைந்தாகிவிடும். அதன் ஆவியில் கண் எரியும், மூக்கு ஒழுகும், சிலருக்கு இழுப்பே வந்துவிடும். ஊறியதைக் குழாய்த் தண்ணீரில் அலசினால், அந்தத் தண்ணீரில் இருக்கும் காசநோய்க் குடும்பக் கிருமிகள் நோயாளியின் துளை வழியாக உள்ளே போய், சில வாரம் கழித்துத் தொப்புளில் ஆறாத புண்ணாக வரலாம். பல நாட்டு மருத்துவ இதழ்களும் எழுதியிருக்கும் பிரச்சினை இது. கழுவுகிறவருக்கு நேரமும் சாமானும் கொடுக்காத இடத்தில் நோயாளியும் தப்புவதில்லை.

அந்த அக்காவிடம் ஒருமுறை கேட்டேன்.

"அக்கா, மஞ்சள் காமாலை ஊசி போட்டிருக்கீங்களா?"

"எனக்கெதுக்குச் சிஸ்டர்? நான் என்ன ஆபரேஷனா பண்றேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவரை நாங்கள் அப்படித்தான் நடத்தியிருக்கிறோம். டாக்டருக்கு ஊசி உண்டு, எங்களுக்கு உண்டு, 'டீம்' என்று மருத்துவமனை விழாவில் போட்டோ எடுக்கும்போது நிற்கிறவர்களுக்கெல்லாம் உண்டு. ஆபரேஷன் முடிந்த ஒவ்வொரு கருவியையும் முதலில் வெறும் கண்ணுக்கு முன்னால் பிடிக்கிறவருக்கு இல்லை. 2016-இல் வந்த மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: சுகாதாரப் பணியாளர்கள், கழிவைக் கையாளுகிற மற்றவர்கள் என எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது மருத்துவமனை நடத்துகிறவரின் கடமை. ஒப்பந்த ஊழியருக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தடுப்பூசி உண்டு. மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை, எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் இருக்கிறதா என்று. இந்தக் கடைசிப் பரிசோதனையைப் படித்த நாங்களே செய்துகொள்வதில்லை.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் டெஸ்ட். பாசிட்டிவ் என்றால் கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர், அல்லது "மதுரைக்குப் போயிடுங்க, இங்கே வசதி இல்லை". நெகட்டிவ் என்றால் நிம்மதி. கண்ணாடி வேண்டாம், எல்லாம் வழக்கம் போல.

டெஸ்ட் சீட்டை நம்பினால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் போனது சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே பரிசோதனையில் தெரிந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்ற செய்தி வந்து தமிழ்நாடே அதிர்ந்தது. ஊழியர்கள் மீது நடவடிக்கை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் விசாரணை என்று எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் என்ன மாறியது? டெஸ்ட் கூடியது, பயம் கூடியது, பாசிட்டிவ் நோயாளியைத் திருப்பி அனுப்புவது கூடியது. கற்றிருக்க வேண்டியது வேறு. சீட்டு தவறும். தொற்றிய புதிதில் டெஸ்டில் தெரியாத காலமும் உண்டு. ஆகவே மேஜையில் படுத்திருக்கிற ஒவ்வொருவரையும் பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. அந்த டிசம்பருக்கு மூன்று மாதம் முன்னால், 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் இதைத்தான் சொல்கிறது: ஊழியருக்குப் பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, ஊசிக் குத்து ஆனால் தடுப்பு மருந்து, நோயாளியிடம் பாரபட்சம் கூடாது.

மருத்துவமனை நடத்துகிற டாக்டர்கள் சொல்வது காதில் விழாமல் இல்லை. காப்பீட்டுத் திட்டம் கொடுக்கும் தொகையில் ஃபில்ட்டர், என்95, கண்ணாடி, ஒரு செட் கூடுதல் கருவி எல்லாம் எப்படிக் கட்டுபடியாகும்? கூடுதல் செட் விலை அதிகம்தான், அதற்கு நான் வாதாட மாட்டேன். சீசனில் ஒரு நாளுக்கு இத்தனை கேஸ் என்று வரம்பு வைக்கலாமே என்று மட்டும் கேட்பேன். மற்றதெல்லாம் ஒரு மாதக் கரண்ட் பில்லில் சின்ன மூலைக்குக்கூட வராது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018-லேயே ஆபரேஷன் புகையை வெளியேற்றும் கருவியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. நமக்கு அந்த அளவுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஒரு ட்யூப், ஒரு ஃபில்ட்டர், பிளாஸ்டிக் முகக் கவசம், நல்ல பிரஷ், ஊசியை ட்ரேயில் வைத்து எடுக்கும் பழக்கம். கடைசியில் சொன்னதற்குக் காசே இல்லை.

விதிகள் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பது பட்டாசு ஊருக்கு நன்றாகவே தெரியும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்ற விதி எப்போதும் இருந்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் செத்த பிறகும் அந்த விதி மீறப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. முன் அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போகிற அதிகாரிக்கு, பின் அறையில் எத்தனை பேர் என்று தெரியாது.

ஆகவே என் கோரிக்கை சுகாதாரத் துறைக்கும் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும்தான். மருத்துவமனையை ஆய்வு செய்ய வருகிறவர்கள், தியேட்டரின் டைல்ஸையும் மானிட்டரையும் பார்த்தது போதும். நேரே பின்னால் சிங்க்குக்குப் போங்கள். அங்கே நிற்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை தடுப்பூசி போட்டார்கள், கண்ணாடி எங்கே, ஊசி குத்தினால் யாரிடம் சொல்வீர்கள்? பதில் இல்லை என்றால், அந்த மருத்துவமனைக்கு லேப்ராஸ்கோப்பி செய்ய அனுமதியைப் புதுப்பிக்காதீர்கள். ஆபரேஷன் சீசன் தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்பே வாருங்கள்; மூன்று டோஸ் போட்டு, எதிர்ப்புச் சக்தியைச் சோதித்து முடிக்க அவ்வளவு காலம் ஆகும்.